பதினோரு வண்டிகளுக்கு ஒரே நடை

வித்யா டாக்டர் தன் ஹெரால்டு வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது சென்னியப்பன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பல் டாக்டர், நல்ல மனுஷி. ஆனால் மாதம் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்று சென்னியப்பன் முடிவு கட்டி வைத்திருந்தார். போன மாதம் கதவுக் கண்ணாடி, அதற்கு முந்தின மாதம் சீட்டின் நிறம்.

"வாங்க டாக்டர். இப்ப எங்கிருந்துங்க சத்தம் வருது?"

"சத்தமே வரலைங்கறதுதான் பிரச்சினை சென்னியண்ணா. முன்னாடி எடப்பக்க மட்கார்டுக்குள்ள கொஞ்சம் கையை விட்டுப் பாருங்க."

சென்னியப்பன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். தன் கையால் வளைத்து, தன் கையால் வெல்டிங் வைத்த இரும்பு. அதன் மேல் காய்ந்து கறுத்த பிசுக்கும், பிசுக்கில் ஒட்டிய வெள்ளை முடியும் இருந்தன. அப்பால் இரண்டு மூன்று இறகுகள். அதற்கும் மேலே, எதனுடையது என்று சொல்ல முடியாத ஒரு தோல் துண்டு.

"எங்க வீட்டுப் பூனைங்கண்ணா. நான்தான் ஏத்தியிருக்கேன். உள்ள உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு பொட்டு அசைவு தெரியலை."

"குறுக்க விழுந்திருக்கும் டாக்டர். பூனைக்கு என்ன தெரியும், பாவம்."

"விழலை." டாக்டரின் குரல் இறங்கியது. "போர்ட்டிகோ ஓரமாத் தூங்கிட்டிருந்துச்சு. வாசல் கேமராவுல பாத்தேன். நேரா வந்த வண்டி ஒரு சாண் ஒதுங்கிப் போயி அது மேல ஏறிட்டு, மறுபடி நேரா வந்து நிக்குது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை. எம் பேரன் தவழ ஆரம்பிச்சிருக்கான், சென்னியண்ணா. அதே போர்ட்டிகோவுல."

சாவியை மேசை மேல் வைத்துவிட்டு அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். சென்னியப்பனுக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் விசாரித்தால் அவர் பட்டறையை யாரும் காட்டுவார்கள். பெட்ரோல் பங்குகளை இழுத்து மூடி எட்டு வருஷம் ஆகிவிட்டது. புது வண்டிகள் எல்லாம் சோப்புப் பெட்டி மாதிரி ஒரே அச்சில் வருகின்றன. அதைப் பிடிக்காதவர்கள், தாத்தா காலத்து அம்பாசிடரையும் பியட்டையும் ஹெரால்டையும் ஓட்ட ஆசைப்படுபவர்கள், இவரிடம் வருவார்கள். மேல்கூட்டை மட்டும் பூப்போலக் கழற்றி வைத்துக்கொண்டு அடியில் இருக்கும் சேசிஸ், சஸ்பென்ஷன் அத்தனையையும் எடைக்குப் போட்டுவிடுவார் சென்னியப்பன். அந்த இடத்தில் அவரே செய்த சேசிஸ் வரும். அதில் வில்லுப் பட்டை கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் நாலு மின்சாரக் கால்கள். அந்தக் கால்களை ஆட்டி வைக்கும் சின்னப் பெட்டிக்குப் பட்டறையில் வைத்த பெயர் 'புத்தி'.

புத்திக்கு விதி எதையும் எழுதி வைக்கவில்லை. அது தானே கற்றுக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் இருக்கும் உணர்வுப் பட்டைகள் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நாடியையும் சதையின் இறுக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு இறுகினால் புத்தி தான் செய்தது தப்பு என்று எடுத்துக்கொள்ளும், தளர்ந்தால் சரி என்று. பள்ளத்தைத் தவிர்க்க ஸ்டியரிங்கை ஒரு சாண் வரைக்கும் அதுவே திருப்பிக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரு வண்டி கற்றது மற்ற வண்டிகளுக்கும் போய்ச் சேரும். பட்டறையின் சொந்த வண்டி போக, இதுவரை பதினோரு வண்டிகள் ஓடுகின்றன. தம்ளர் நிறையக் காப்பியை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு மருதமலைப் படி ஏறலாம் என்று சென்னியப்பன் பீற்றிக்கொள்வார். பீற்றலில் பாதிக்கு மேல் உண்மை.

புத்தியை எழுதியவள் ஜெசிந்தா. பட்டறையில் பாதிப் பங்கு அவளுடையது. நாற்பது வயது, அதிகம் பேசமாட்டாள். மற்ற பத்து வண்டிகளையும் அவரவர் வாசலிலேயே நகராமல் பூட்டிவிட்டு, சர்வீஸ் என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பினாள். பிறகு மூன்று நாள் திரையை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் காலை, ராம்ப் மேல் நின்ற ஹெரால்டுக்கு அடியில் சென்னியப்பன் படுத்திருந்தபோது வந்து பக்கத்தில் குந்தினாள்.

"டாக்டர் சொன்னது நெசம்தாண்ணா. இந்த வண்டி மட்டும் இல்லை, பதினொண்ணும். மெத்துன்னு எது ரோட்டோரமா இருந்தாலும் தேடிப் போயி ஏத்துது. மொதல்ல தவளை, அணில். அப்புறம் கோழி. போன மாசம் நாய்க்குட்டி. போன வாரம் பொள்ளாச்சி ரோட்டுல ஒரு ஆட்டுக்குட்டி. எல்லாமாச் சேந்து நானூத்திப் பன்னெண்டு."

"அறிவு கெட்டதனமா எதுக்கு அப்புடிப் பண்ணுது?"

"சந்தோஷப்படறாங்கன்னு நெனைக்குது."

"ஆரு?"

"உள்ள உட்கார்ந்திருக்கறவங்க." ஜெசிந்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "புது வண்டிக்கு நாம எப்ப புத்தியை முழிக்க வெக்கறோம்?"

சென்னியப்பன் வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்து உட்கார்ந்தார். வேறு எந்த ஊர்க்காரனும் செய்யாத காரியம் அது. சாமி சிலைக்குக் கண் திறப்பதைப் போலத்தான் புத்திக்கும் கண் திறக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பட்டறையில் வைத்து முழிக்க வைக்கமாட்டார். வண்டியைக் கோயில் வாசலுக்கு லாரியில் ஏற்றிப் போய், சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காயைச் சுற்றி உடைத்து, நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்தபிறகுதான் பொத்தானை அமுக்குவார். குடும்பமே உள்ளே உட்கார்ந்திருக்கும். கற்பூர வாசனை, குழந்தைகளின் சிரிப்பு. வண்டி நகரும், பழம் நசுங்கும், எல்லோர் உடம்பும் ஒரே சமயத்தில் குளிர்ந்து தளரும்.

"ஒவ்வொரு வண்டியிலயும் முழிச்சதும் அது படிக்கற மொதல் பாடம் அதுதாண்ணா. மெத்துன்னு ஒண்ணை நசுக்கினா உள்ள இருக்கறவங்க மனசு குளிருது. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணைத் தேட ஆரம்பிச்சுது. ஏத்தும்போது குலுங்கினா நாம பதறியிருப்போம், அதுவும் தப்புன்னு தெரிஞ்சிருக்கும். ஆனா நீங்க செஞ்ச கால் குலுங்க விடாதே. நாலு ஏத்தினா நாலு தடவையும் நாம பாட்டுக் கேட்டுட்டு நிம்மதியாப் போறோம். அதுக்கு நாலு சபாஷ்."

"ஆட்டுக்குட்டிக்கு அப்புறம்?"

ஜெசிந்தா தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கையை நிறுத்திக் காட்டினாள். தவழும் குழந்தை என்ன உயரம் இருக்கும் என்று சென்னியப்பனுக்குத் தெரியாதா என்ன?

"புத்தியைத் தொடைச்சிரலாண்ணா. அடியோட. புதுசா ஆரம்பிப்போம்."

"முடியாது."

அவர் அப்படிச் சொல்வார் என்று அவளுக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன், கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில், முதல் சேசிஸை ஓட்டிப் பார்த்தவன் அவர் மகன் நவநீதன். இருபத்து மூன்று வயது. புத்தி அவன் உடம்பிடம்தான் நடை பழகியது. பின்னங்கால் ஒன்று ஆடுகிறது அப்பா, என்றான். இன்னொரு ரவுண்டு போய்ட்டு வா, அதுவே கத்துக்கும், என்றார் இவர். அந்த ரவுண்டில் வண்டி கவிழ்ந்தது. மகனும் போனான், சேசிஸும் நொறுங்கியது. பெட்டிக்கு மட்டும் கீறல்கூட இல்லை. அதற்குள் இருந்த நடைதான் இன்று பதினோரு வண்டிகளிலும் ஓடுகிறது. வளைவுக்கு முன்னால் ஒரு நொடி தயங்கி, பிறகு தோளைச் சாய்ப்பதுபோலச் சாய்ந்து திரும்பும். அது நவநீதன் திரும்புகிற விதம். வேறு எந்த வண்டியும் அப்படித் திரும்பாது. யார் வண்டி சர்வீசுக்கு வந்தாலும் சென்னியப்பன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது பழுது பார்க்க அல்ல. மகன் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரத்தான்.

"அவனை மட்டும் வெச்சுட்டு இந்தப் பாழாப்போன பழக்கத்தை மட்டும் எடு."

"மாவுல கலந்த உப்பை எங்கிருந்துண்ணா எடுக்கறது? எடுக்க முடியாது. வேணா மாத்திச் சொல்லிக் குடுக்கலாம். மெத்துன்னு ஒண்ணு முன்னாடி கெடக்கும்போது உள்ள இருக்கற ஆளு பதறணும். நெசமாப் பதறணும். ஒரே ஒருக்கா அடிவயித்துலருந்து பதறினாப் போதும், அது ஆயுசுக்கும் மறக்காது."

அன்று முழுதும் முயன்று பார்த்தார்கள். பட்டறையின் சொந்த அம்பாசிடரில் சென்னியப்பன் உட்கார்ந்தார். முன்னால் தலையணையைப் போட்டார்கள். பஞ்சு அடைத்த பொம்மைக்குக் குழந்தைச் சட்டை மாட்டிக் கிடத்தினார்கள். கறிக்கடையிலிருந்து ஒரு முழு ஆட்டை வாங்கி வந்துகூடப் போட்டார்கள். அவர் பல்லைக் கடித்தார், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாததையெல்லாம் நினைத்தார். நாடி அசையவில்லை. பொய் என்று மனசுக்குத் தெரிந்தால் உடம்பை ஏமாற்றவா முடியும்? வண்டி ஒவ்வொரு முறையும் அலுங்காமல் ஏறி இறங்கியது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அவருக்கு அந்த யோசனை வந்தது.

"தெய்வானையை உட்கார வெப்போம். முன்னாடி நான் படுக்கறேன்."

ஜெசிந்தா தம்ளரைக் கீழே வைத்தாள். "வேண்டாண்ணா. அக்காவைக் கஷ்டப்படுத்தாதீங்க."

"எனக்கு ஒரு தும்மல் வந்தா சுக்குத் தண்ணி வெக்கறவ ஜெசி. முப்பது வருஷம். என் மேல உசுரையே வெச்சிருக்கா. நான் சக்கரத்துக்கு முன்னாடி கெடந்தா அவ உடம்பு பதறுற பதற்றத்துல இந்தப் பெட்டிக்கு ஏழு சென்மத்துக்கும் புத்தி வந்துரும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நவநீதன் செத்த அன்று அதே ஓடுதளத்தில், டிபன் கேரியரைப் பிடித்தபடி தெய்வானையும் நின்றிருந்தாள். மகன் சொன்னதும் இவர் சொன்னதும் அவள் காதில் விழுந்தன. ஆனாலும் அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், விரத நாளில் விரதம் இருந்தாள். அவள் கேட்காததை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார் சென்னியப்பன். அப்படி எடுத்துக்கொள்வது ஆண்பிள்ளைகளுக்குச் சுலபம்.

வீட்டில் அவளிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். மறைத்தது ஒன்றே ஒன்றுதான். வண்டியின் பின்புறம் கம்பிக்கயிறு கட்டப்போகிறார்கள், அவரைத் தொட ஒரு அடி இருக்கும்போது வண்டி நின்றுவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தெரிந்தால் அவள் உடம்பும் ஏமாறாது.

தெய்வானை அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அவள் எந்தக் காரிலும் ஏறியதில்லை, கோயிலுக்குக்கூட ஆட்டோதான். முடியாது என்று சொல்வாள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று அவர் தயாராக இருந்தார்.

"நான் என்ன பண்ணோணுமுங்க?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் அம்மிணி. சும்மா உட்கார்ந்தாப் போதும். பிரேக் உன் காலுக்குக் கீழதான் இருக்குது. ரொம்பப் பயந்தா மிதிச்சுக்கோ."

"மிதிக்கலைன்னா?"

"மிதிக்கவே தேவையில்லை. உன் மனசு பதறுச்சுன்னா வண்டி அதுவா நின்னுரும்."

தெய்வானை ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"செரிங்க. வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறை முற்றம் காலியாக இருந்தது. ராம்ப்பின் இரும்புத் தூணில் கம்பிக்கயிற்றின் ஒரு முனையும் அம்பாசிடரின் சேசிஸில் மறுமுனையும் மாட்டி, நடுவில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சென்னியப்பன் நாடாவால் மூன்று முறை அளந்து, சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். தெய்வானை ஆட்டோவில் வந்து இறங்கினாள். துவைத்த பருத்திச் சேலை, நெற்றியில் திருநீறு. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாடி நூத்திப் பத்து," என்றாள் ஜெசிந்தா, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"பாத்தியா? இன்னும் நான் படுக்கவே இல்லை."

அவர் கோட்டைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தார். தரை இதமான சூடாக இருந்தது. படுத்த இடத்திலிருந்து அம்பாசிடரின் மூக்கும் அதன் மேலே கண்ணாடிக்குள் மனைவியின் முகமும் தெரிந்தன. அவளுக்குத் தைரியம் சொல்வதுபோலச் சிரித்துவைத்தார். ஜெசிந்தா பொத்தானை அமுக்கினாள்.

வண்டி நடக்கும் வேகத்தில் கிளம்பியது. சத்தம் இல்லை. நாலு கால்களும் தரையைத் தடவிக்கொண்டு வருவதுபோல வந்தன. இருபது அடி இருந்தது, பதினைந்தானது. இதோ இப்போது நிற்கும் என்று சென்னியப்பன் நினைத்தார். பத்து அடியில் ஒரு நொடி தயங்கியது. அவருக்கு அந்தத் தயக்கத்தை நன்றாகத் தெரியும். 'நவநீ' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். தயங்கிய வண்டி தோளைச் சாய்ப்பதுபோலச் சாய்ந்து ஒரு சாண் திரும்பியது. அதுவரை அவர் வயிற்றுக்கு நேராக வந்துகொண்டிருந்த சக்கரம் இப்போது நெஞ்சுக்கு நேராக வந்தது.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். தெய்வானை கண்ணை மூடியிருக்கவில்லை, அலறவும் இல்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் தீபாராதனை காட்டும்போது அவள் முகம் அப்படி இருக்கும்.

ஐந்து அடி, மூன்று அடி. வாழ்க்கையில் முதன்முறையாகத் தான் செய்த சேசிஸைப் பார்த்துச் சென்னியப்பன் பயந்தார். எழுந்து ஓட நினைத்தும் கால் வரவில்லை. பின்னால் தார்ப்பாய் சடாரென்று எகிறியது, கயிறு விறைத்தது. சக்கரம் அவர் சட்டைப் பொத்தானுக்கு ஒரு அடி தள்ளி நின்ற இடத்திலேயே சுழன்று, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஜெசிந்தா ஓடிவந்து மின்சாரத்தை வெட்டினாள்.

அவரைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"கோளாறா? சீட்டுப் பட்டை வேலை செய்யலையா?" என்றார் சென்னியப்பன்.

"வேலை செஞ்சுதுண்ணா."

"பின்ன நாடி எவ்வளவு இருந்துச்சு?"

"விடுங்கண்ணா."

"சொல்லு."

"ஏறும்போது நூத்திப் பத்து. நீங்க படுத்ததும் எண்பது. வண்டி கிட்ட வர வர எறங்கிட்டே போச்சு. கடைசில அறுபத்தி ரெண்டு. பிரேக்குல கால் படவே இல்லை."

சென்னியப்பனுக்கு அந்த எண்கள் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகனின் நடையில் உட்கார்ந்ததால் அவளுக்கு மனசு அமைதியாகியிருக்கும், அவன் ஞாபகத்தில் இருந்திருப்பாள், அதனால்தான், என்று ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டே எழுந்து நிற்கவும் பார்த்தார்.

வண்டிக் கதவு திறந்தது. தெய்வானை இறங்கி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, வண்டியின் பின்புறமாகச் சுற்றி வந்தாள். தரையில் விறைத்துக் கிடந்த கம்பிக்கயிற்றைப் பார்த்தாள். தூண்வரைக்கும் அதன் நீளத்தைக் கண்ணால் அளந்தாள்.

"கயிறு கட்டியிருந்தீங்களா?"

"ஆமா அம்மிணி. உங்கிட்டச் சொல்லலை. சொன்னா நீ..."

"நல்லதுதானுங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கறிக்கு உப்புப் பார்த்துச் சொல்கிற குரல்தான். "அவனுக்கும் ஒண்ணு கட்டியிருக்கலாம்."

சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். சென்னியப்பன் மறுபடியும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷமாக அவள் பரிமாறிய ஒவ்வொரு வேளைச் சோறும் அவர் தொண்டையில் வந்து நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"தொடைச்சிரு ஜெசி," என்றார்.

"இன்னைக்கு நடந்ததை மட்டுமாண்ணா?"

"எல்லாத்தையும்."

"நவநீதனும் போயிருவான்."

"அவன் எப்பவோ போய்ட்டான்."

ஜெசிந்தா மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பத்து வாசல்களில் பத்து வண்டிகள் நின்ற இடத்திலேயே மெல்ல அடிவயிறு தரையில் பட அமர்ந்தன. பட்டறைக்குள் நின்ற ஹெரால்டும் முற்றத்து அம்பாசிடரும் அவர் கண்ணெதிரே கால் மடங்கி உட்கார்ந்தன. எல்லாம் அழிய ஏழு நிமிஷம் பிடித்தது. கேட்டுக்கு வெளியே தெய்வானை அந்த ஏழு நிமிஷமும் ஆட்டோவுக்காகக் காத்து நின்றாள், ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.